இந்தியாவில் மக்கள்தொகைப் பெருக்கமும் வேலையின்மையும்

இந்தியாவில் மக்கள்தொகைப் பெருக்கமும் வேலையின்மையும் என்னும் பொருள், விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் மக்கள்தொகை வளர்ந்த வேகத்திற்கும், வேலை தேடுவோருக்குப் போதிய வேலை கிடைக்காத நிலைக்கும் இடையிலான தொடர்பைக் குறிக்கும். பொருளியல், மக்கள்தொகையியல் ஆகிய இரு துறைகளிலும் இது நீண்ட காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. 1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 36.1 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை, 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 121.1 கோடியாக உயர்ந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி, 2023 ஏப்ரலில் இந்தியா சீனாவை முந்தி உலகின் மிகுந்த மக்கள்தொகை கொண்ட நாடானது.

"மக்கள் பெருகியதால் வேலை இல்லை" என்பது பாடநூல்களிலும் மேடைகளிலும் பரவலாகக் காணப்படும் கருத்து ஆகும். ஆனால் தரவுகள் அத்தனை நேரான தொடர்பைக் காட்டவில்லை. பிறப்புகளின் எண்ணிக்கை, ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் வேலை தேடி வருவர் என்பதைத் தீர்மானிக்கின்றது. அவர்களுக்கு வேலை கிடைக்குமா, எத்தகைய வேலை கிடைக்கும் என்பவற்றை முதலீடு, நிலம், கல்வி, தொழில் அமைப்பு, பெண்களின் நிலை போன்ற பிற காரணிகள் தீர்மானிக்கின்றன.

வரைவிலக்கணங்கள்

வேலை செய்யும் திறனும் விருப்பமும் உடைய ஒருவர், வேலை தேடியும் கிடைக்காமல் இருக்கும் நிலை வேலையின்மை எனப்படும். வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்தது உழைப்புப் படை ஆகும். உழைப்புப் படையில் வேலையற்றோரின் பங்கே வேலையின்மை வீதம். இது மொத்த மக்கள்தொகையின் பங்கு அன்று.

எடுத்துக்காட்டாக, 1000 பேர் வாழும் ஓர் ஊரில் 600 பேர் வேலை செய்யும் வயதினர் என்று கொள்வோம். அவர்களுள் 336 பேர் வேலை செய்கின்றனர், 14 பேர் வேலை தேடுகின்றனர் எனில், உழைப்புப் படை 350 பேர். வேலையின்மை வீதம் 4 விழுக்காடு. எஞ்சிய 250 பேர் மாணவராகவோ, வீட்டுப் பணி செய்பவராகவோ, தேடிச் சலித்து விட்டவராகவோ இருக்கலாம். அவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே வேலையின்மை வீதம் குறைவாக உள்ளது என்பதால் மட்டும் எல்லோருக்கும் வேலை உள்ளது என்று பொருள் கொள்ள முடியாது.

இந்தியச் சூழலில் பின்வரும் வகைகள் முக்கியமானவை:

* வெளிப்படையான வேலையின்மை: வேலை தேடியும் முற்றிலும் கிடைக்காத நிலை. இது நகரங்களிலும் படித்தோரிடையேயும் மிகுதி.
* மறைமுக வேலையின்மை: மூவர் செய்யக்கூடிய வேலையை ஐவர் பகிர்ந்து செய்யும் நிலை. இருவர் விலகினாலும் விளைச்சல் குறையாது என்று கருதப்படும். சிறு குடும்பப் பண்ணைகளில் இது காணப்படுகிறது.
* பருவகால வேலையின்மை: நடவு, அறுவடைக் காலங்களில் மட்டும் வேலை இருந்து, பிற மாதங்களில் இல்லாத நிலை.
* குறைவேலை: முழுநேரம் உழைக்க விரும்புபவருக்குச் சில நாள்களோ சில மணிநேரமோ மட்டும் வேலை கிடைக்கும் நிலை.

அளவிடும் முறைகள்

வளர்ந்த நாடுகளின் அளவீடுகளை இந்தியாவிற்கு அப்படியே பயன்படுத்த இயலாது என்பதை 1970 ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த தந்த்வாலா குழு சுட்டிக்காட்டியது. அதன் பின்னர், 1972-73 முதல் தேசிய மாதிரிக் கூறெடுப்பு ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை விரிவான வேலைவாய்ப்பு ஆய்வுகளை நடத்தியது. இவற்றில் மூன்று அளவுகள் பயன்பட்டன. வழக்கமான நிலை என்பது முந்தைய ஓராண்டைக் கணக்கில் கொள்வது. நடப்பு வார நிலை முந்தைய ஏழு நாள்களையும், நடப்பு நாள் நிலை அந்த ஏழு நாள்களின் ஒவ்வொரு நாளையும் தனித்தனியே கணக்கிடுவன. வாரத்தில் மூன்று நாள் மட்டும் கூலி வேலை கிடைத்த ஒருவர், முதல் இரு அளவுகளிலும் வேலையுள்ளவராகக் கருதப்படலாம். மூன்றாவது அளவு மட்டுமே அவர் சும்மா இருந்த நாள்களைக் காட்டும்.

2017 ஏப்ரல் முதல் இவ்வாய்வுகளுக்கு மாற்றாகக் காலமுறை உழைப்புப் படை ஆய்வு நடைபெற்று வருகின்றது.

மக்கள்தொகை வளர்ச்சியின் வரலாறு

1911 முதல் 1921 வரையான பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை சற்றுக் குறைந்தது. 1918 ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் இதற்கு முதன்மைக் காரணம் ஆகும். அதன் பின் இதுவரை எந்தக் கணக்கெடுப்பிலும் மக்கள்தொகை குறைந்ததில்லை. எனவே 1921 பெரும் பிரிவினை ஆண்டு என்று மக்கள்தொகையியலில் குறிப்பிடப்படுகிறது.

விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளின் விவரம் வருமாறு:

| ஆண்டு | மக்கள்தொகை (கோடி) | பத்தாண்டு வளர்ச்சி (%) |
|---|---|---|
| 1951 | 36.1 | 13.3 |
| 1961 | 43.9 | 21.6 |
| 1971 | 54.8 | 24.8 |
| 1981 | 68.3 | 24.7 |
| 1991 | 84.6 | 23.9 |
| 2001 | 102.9 | 21.5 |
| 2011 | 121.1 | 17.7 |

2021 இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கோவிட் பெருந்தொற்றினால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1 ஆம் நாளை அடிப்படையாகக் கொள்ளும் என 2025 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

1951 க்குப் பின் ஏற்பட்ட வேகமான வளர்ச்சிக்குப் பிறப்புகள் அதிகரித்தது காரணம் அன்று. இறப்புகள் குறைந்ததே காரணம் ஆகும். மலேரியாக் கட்டுப்பாடு, பெரியம்மை ஒழிப்பு, பஞ்சக் காலங்களில் உணவு வழங்கல் ஆகியவை இறப்பு வீதத்தைக் குறைத்தன. விடுதலையின்போது 32 ஆண்டுகள் அளவில் இருந்த சராசரி ஆயுட்காலம் இன்று ஏறத்தாழ 70 ஆண்டுகள். பிறப்பு வீதம் இதே வேகத்தில் குறையாததால் இடைவெளி ஏற்பட்டது. இறப்பு முதலில் குறைந்து, பிறப்பு பின்னர் குறையும் இந்நிகழ்வு மக்கள்தொகை நிலைமாற்றம் எனப்படுகிறது.

பின்னர் பிறப்பும் குறைந்தது. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரியைக் குறிக்கும் மொத்தக் கருவள வீதம், தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி 1992-93 இல் 3.4 ஆக இருந்தது. 2019-21 இல் 2.0 ஆகக் குறைந்தது. தலைமுறைகள் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்யத் தேவையான பதிலீட்டு அளவு 2.1 ஆகும். அதாவது இந்தியா இப்பொழுது பதிலீட்டு அளவிற்குக் கீழே உள்ளது. ஆயினும், முன்பு பிறந்த பெரும் தலைமுறையினர் குழந்தை பெறும் வயதில் இருப்பதால் மொத்த எண்ணிக்கை இன்னும் சில பத்தாண்டுகளுக்கு உயரும்.

கோட்பாடுகள்

மக்கள்தொகை உணவு உற்பத்தியை விட வேகமாகப் பெருகும் என்று இங்கிலாந்தின் தாமசு மால்தசு 1798 இல் எழுதினார். இக்கருத்து இந்தியாவைப் பற்றிய பல விவாதங்களின் தொடக்கப் புள்ளியாக அமைந்தது.

1954 இல் ஆர்தர் லூயிசு, வளரும் நாடுகளில் வேளாண்மையில் தேவைக்கு மிகுதியான உழைப்பு தேங்கியுள்ளது என்றும், நவீனத் தொழில்கள் வளரும்போது அவ்வுழைப்பைக் கூலி உயராமலே ஈர்த்துக்கொள்ளும் என்றும் கூறினார். இந்தப் பார்வையில் மிகுதியான மக்கள் ஒரு சுமை மட்டும் அல்லர். தொழில்வளர்ச்சிக்கான வளமும் ஆவர்.

1958 இல் கோல், ஊவர் ஆகிய இருவரும் இந்தியாவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதிய நூல் வேறொரு வாதத்தை முன்வைத்தது. குழந்தைகள் மிகுதியாக உள்ள நாட்டில் சேமிப்பின் பெரும்பகுதி உணவு, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றிற்குச் செலவாகும். தொழிற்சாலைக்கும் இயந்திரத்திற்கும் எஞ்சும் மூலதனம் குறையும். எனவே அக்குழந்தைகள் வளர்ந்து வேலை கேட்கும்போது வேலை இருக்காது என்பது இவர்களது வாதத்தின் சாரம்.

இதற்கு மாறாக, மக்கள் நெருக்கமே புதிய வேளாண் நுட்பங்களைத் தூண்டும் என எசுட்டர் போசரப் 1965 இல் வாதிட்டார்.

மறைமுக வேலையின்மை உண்மையிலேயே உள்ளதா என்பது குறித்தும் இந்தியத் தரவுகளைக் கொண்டு விவாதம் நடந்தது. 1918-19 இன்ஃபுளுவென்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேளாண்மையில் உழைப்பு மிகையாக இருந்திருந்தால் சாகுபடி குறைந்திருக்கக் கூடாது. ஆனால் பயிரிடப்பட்ட பரப்பு குறைந்ததைக் காட்டி, மிகை உழைப்புக் கொள்கையைத் தியோடர் சூல்ட்சு 1964 இல் மறுத்தார். கொள்ளைநோய் வீட்டுக்கு ஒருவர் என்று ஆள்களை எடுப்பதில்லை, சில குடும்பங்களை முழுமையாகவே பாதிக்கும், எனவே இச்சோதனை பொருந்தாது என்று அமர்த்தியா சென் பதிலளித்தார். எதிரெதிர் கருத்துடைய லூயிசு, சூல்ட்சு ஆகிய இருவருக்கும் 1979 ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தொடர்பு செயற்படும் விதம்

காலத்தாழ்வு

இன்று பிறக்கும் குழந்தை இன்றைய வேலையின்மையை உண்டாக்குவதில்லை. 1971 இல் பிறந்தவர் 1990 ஆம் ஆண்டு வாக்கில் வேலை தேடத் தொடங்குவார். ஆகவே ஓர் ஆண்டின் வேலையின்மையை அதே ஆண்டின் பிறப்பு வீதத்துடன் ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். 2001 கணக்கெடுப்பில் 0 முதல் 6 வயது வரையான குழந்தைகள் ஏறத்தாழ 16.4 கோடி. 2011 இலும் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ அதே அளவில்தான் இருந்தது. அதாவது, இன்று பள்ளி, கல்லூரிகளில் இருந்து வெளிவரும் தலைமுறை, தனக்கு முந்தைய தலைமுறையை விடப் பெரிதாக வளரவில்லை.

நிலத்தின் மீதான அழுத்தம்

மக்கள்தொகைக்கும் குறைவேலைக்கும் உள்ள தொடர்பு மிகத் தெளிவாகத் தெரிவது நிலத்தில் ஆகும். இந்தியாவின் நிகரப் பயிர்ப் பரப்பு 1970களில் ஏறத்தாழ 14 கோடி எக்டேரை எட்டிய பின் பெரிதாக மாறவில்லை. ஆனால் நிலம் தலைமுறைதோறும் பாகம் பிரிக்கப்பட்டது. 1970-71 இல் 7.1 கோடியாக இருந்த நில உடைமைகள் 2015-16 இல் 14.6 கோடியாக இரட்டித்தன. சராசரி உடைமையின் அளவு 2.28 எக்டேரில் இருந்து 1.08 எக்டேராகச் சுருங்கியது. ஒரு எக்டேர் மானாவாரி நிலம் ஒரு குடும்பத்திற்கு ஆண்டு முழுதும் வேலை தருவதில்லை. அக்குடும்பத்தினர் கணக்கெடுப்பில் உழவராகப் பதிவாவர். அவர்களது வேலையின்மை புள்ளிவிவரத்தில் தெரியாது.

நகரங்களுக்கு இடப்பெயர்வு

நிலம் தாங்காதபோது மக்கள் நகரங்களுக்கு இடம்பெயர்கின்றனர். நகரில் வேலை உறுதியாக இல்லாவிட்டாலும், கிடைத்தால் கூடுதல் கூலி என்ற எதிர்பார்ப்பே மக்களை நகர்த்துகிறது என்பது 1970 இல் ஆரிசு, தொடாரோ ஆகியோர் முன்வைத்த விளக்கம். ஆலைகளில் இடம் கிடைக்காதோர் கட்டட வேலை, தள்ளுவண்டி வணிகம், வீட்டு வேலை போன்ற அமைப்புசாராத் தொழில்களில் தங்குகின்றனர். இந்திய உழைப்பாளர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் எழுத்து வடிவிலான ஒப்பந்தமோ ஓய்வூதியமோ போன்ற முழுமையான பாதுகாப்பு இல்லாத முறைசாரா வேலைகளிலேயே உள்ளனர்.

ஐந்தாண்டுத் திட்டங்களும் வேலையின்மையும்

திட்டக் காலத்தின் கணக்குகள் மக்கள்தொகை வளர்ச்சியின் அழுத்தத்தை நன்கு காட்டுகின்றன. மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் 1961 இல் தொடங்கியபோது வேலையற்றோர் எண்ணிக்கை 90 இலட்சம் என மதிப்பிடப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் புதிதாக 1.7 கோடி பேர் உழைப்புப் படையில் சேர்வர் எனக் கணிக்கப்பட்டது. திட்டம் உருவாக்க எண்ணிய வேலைகள் 1.4 கோடி. எனவே திட்டம் முழுமையாக வெற்றி பெற்றிருந்தாலும் வேலையற்றோர் எண்ணிக்கை 30 இலட்சம் கூடி, 1.2 கோடியாகவே முடிந்திருக்கும்.

அக்காலத் திட்டங்கள் கனரகத் தொழில்களுக்கு முன்னுரிமை அளித்தன. எஃகு ஆலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் பெரும் மூலதனத்தை எடுத்துக்கொண்டு ஒப்பளவில் குறைந்த ஆள்களுக்கே வேலை அளித்தன. தொடக்கக் கல்விக்குப் போதிய முதலீடு செய்யப்படவில்லை என்ற திறனாய்வும் உண்டு. ஆகவே அன்றைய வேலையின்மைக்கு மக்கள்தொகையை மட்டும் காரணமாகக் கூறுவது பொருத்தமன்று.

1990களின் முரண்

மக்கள்தொகை வளர்ச்சி குறைந்தால் வேலையின்மை தானாகக் குறையும் என்ற எதிர்பார்ப்பு 1990களில் பொய்த்தது. 1991 பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் நாட்டின் வளர்ச்சி வேகம் கூடியது. மக்கள்தொகையின் பத்தாண்டு வளர்ச்சி 23.9 இலிருந்து 21.5 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் நடப்பு நாள் நிலைப்படியான வேலையின்மை வீதம் 1993-94 இல் 6.0 விழுக்காட்டில் இருந்து 1999-2000 இல் 7.3 ஆகவும், 2004-05 இல் 8.3 ஆகவும் உயர்ந்தது. இதே அளவின்படி, 1983 முதல் 1993-94 வரை ஆண்டுக்கு 2.7 விழுக்காடாக இருந்த வேலைவாய்ப்பு வளர்ச்சி, அடுத்த ஆறு ஆண்டுகளில் 1.07 விழுக்காடாகச் சரிந்தது. இந்நிலை வேலையற்ற வளர்ச்சி என்று பெயர் பெற்றது.

இதற்கு இரு விளக்கங்கள் உள்ளன. ஒன்று, 1990களில் வேலை தேடியவர்கள் மக்கள்தொகை மிக வேகமாக வளர்ந்த 1970களில் பிறந்தவர்கள். மற்றொன்று, வளர்ச்சி கண்ட துறைகள் குறைந்த ஆள்களைக் கொண்டே மிகுந்த உற்பத்தி செய்யக்கூடியவையாக இருந்தன. எடுத்துக்காட்டாக, மென்பொருள் துறை நாட்டின் ஏற்றுமதியில் பெரும் பங்கு வகித்தாலும், நாட்டின் உழைப்புப் படையில் அதன் பங்கு மிகச் சிறிது.

மாநிலங்களுக்கிடையே வேறுபாடு

இந்திய மாநிலங்களின் ஒப்பீடு, இத்தொடர்பின் சிக்கலை நன்கு விளக்குகின்றது. கேரளம் 1988 ஆம் ஆண்டளவிலும் தமிழ்நாடு 1993 ஆம் ஆண்டளவிலும் பதிலீட்டுக் கருவளத்தை எட்டின. 2001 முதல் 2011 வரை கேரளத்தின் மக்கள்தொகை 4.9 விழுக்காடு மட்டுமே வளர்ந்தது, பீகார் 25.4 விழுக்காடு வளர்ந்தது. 2019-21 ஆய்வில் கேரளத்தின் கருவள வீதம் 1.8, பீகாரில் 3.0.

மக்கள்தொகையே வேலையின்மைக்குக் காரணம் எனில் பீகாரில் வேலையின்மை மிகுந்திருக்க வேண்டும். ஆனால் 2023-24 ஆய்வின்படி வேலையின்மை வீதம் பீகாரில் ஏறத்தாழ 3 விழுக்காடு, கேரளத்தில் 7.2 விழுக்காடு. கேரளத்தில் 15 முதல் 29 வயது வரையானோரிடையே இது 29.9 விழுக்காடு.

இதன் பொருள் பீகாரில் வேலை மலிந்துள்ளது என்பதன்று. சேமிப்பு இல்லாத ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், தகுந்த வேலை கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது. கிடைத்த கூலி வேலையை ஏற்பார், அல்லது வெளிமாநிலம் செல்வார். திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டடப் பணிகளிலும் பீகார், ஒடிசா போன்ற மாநிலத்தவர் மிகுதியாகப் பணிபுரிவது இதன் வெளிப்பாடு ஆகும். கேரளத்தில் கல்வி பெற்ற இளைஞர், பெற்றோரின் வருமானமோ வளைகுடா நாடுகளில் இருந்து வரும் பணமோ துணை நிற்க, படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருக்க முடிகின்றது. காத்திருப்பவர் வேலையற்றவராகவும், காத்திருக்க முடியாதவர் வேலையுள்ளவராகவும் பதிவாகின்றனர்.

படித்தோர் வேலையின்மை

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடு. ஒரு தலைமுறை தன் நிலத்தை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களில் இவ்வேலையின்மை கடுமையாக உணரப்படுகின்றது.

பாதுகாப்பான வேலைகள் குறைவாக இருப்பதால் அரசுப் பணிகளுக்கான போட்டி மிகுந்துள்ளது. தொடர்வண்டித் துறையின் ஏறத்தாழ 35,000 பணியிடங்களுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். அத்தேர்வு முறையை எதிர்த்து 2022 சனவரியில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இளைஞர்கள் போராட்டம் நடத்தினர். தேர்வுக்குத் தயாராவதில் பல ஆண்டுகள் கழிவதும், வயது வரம்பு கடந்த பின் வேறு தொழில் கற்க இயலாமல் போவதும் இதன் பக்க விளைவுகள் ஆகும்.

எதிர்த்திசைத் தொடர்பு

மக்கள்தொகை வேலைவாய்ப்பைப் பாதிப்பது போலவே, வேலைவாய்ப்பும் மக்கள்தொகையைப் பாதிக்கின்றது. உறுதியான வருமானமோ ஓய்வூதியமோ இல்லாத பெற்றோருக்குப் பிள்ளைகளே முதுமைக்கால ஆதரவு. குழந்தை இறப்பு மிகுந்த காலத்தில், சிலராவது எஞ்சட்டும் என்று கூடுதல் குழந்தைகள் பெறப்பட்டனர். 1971 இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 129 ஆக இருந்த குழந்தை இறப்பு வீதம் 2020 இல் 28 ஆகக் குறைந்தபோது குடும்ப அளவும் சிறுத்தது.

பெண் கல்வியும் பெண்கள் வீட்டிற்கு வெளியே ஊதியம் பெறுவதும் திருமண வயதை உயர்த்திப் பிறப்புகளைக் குறைக்கின்றன. ஆனால் இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புப் படையில் இருப்போர் 2017-18 இல் 23.3 விழுக்காடு மட்டுமே. 2023-24 இல் இது 41.7 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வுயர்வின் பெரும்பகுதி ஊரகப் பெண்களின் சுயதொழிலிலும் குடும்பத் தொழிலிலும் ஏற்பட்டது. ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுவோரும் வேலையுள்ளோராகவே கணக்கிடப்படுவதால், இதை எந்த அளவுக்கு முன்னேற்றமாகக் கொள்வது என்பதில் பொருளியலாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

அரசின் நடவடிக்கைகள்

மக்கள்தொகைக் கொள்கை

உலகிலேயே முதன்முறையாக அரசு சார்பில் நாடளாவிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை இந்தியா 1952 இல் தொடங்கியது. 1974 இல் புக்காரெசுட்டு நகரில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்ற நிலைப்பாட்டை இந்தியா எடுத்தது. ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில் இதற்கு நேர்மாறாகக் கட்டாயம் கையாளப்பட்டது. 1976-77 இல் மட்டும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. ஏழைகளே பெரிதும் பாதிக்கப்பட்டனர். 1977 தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும். அதன் பின் இத்திட்டம் குடும்பநலத் திட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2000 ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகைக் கொள்கை விருப்ப அடிப்படையையும் தாய்சேய் நலத்தையும் வலியுறுத்தியது.

கேரளமும் தமிழ்நாடும் நெருக்கடிக் காலம் முடிந்து பல ஆண்டுகள் கழித்தே, கல்வி, சுகாதார வசதிகளின் வழியாகப் பதிலீட்டு அளவை அடைந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

வேலைவாய்ப்புத் திட்டங்கள்

மகாராட்டிர மாநிலம் 1972 ஆம் ஆண்டின் வறட்சிக் காலத்தில் வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. நடுவண் அரசின் தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டம் 1980 இலும், சவகர் வேலைவாய்ப்புத் திட்டம் 1989 இலும் தொடங்கப்பட்டன. 2005 இல் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆண்டுக்கு 100 நாள் வேலையைச் சட்ட உரிமையாக்கியது. இது 2006 பெப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்து, 2008 ஏப்ரலில் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் இது "நூறு நாள் வேலை" என்று அறியப்பட்டது. 2025 திசம்பரில் இச்சட்டத்திற்கு மாற்றாக, 125 நாள் வேலைக்கு வழிசெய்யும் புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது.

இத்தகைய திட்டங்கள் பருவகால வேலையின்மையைத் தணிக்கக்கூடியவை. படித்தோருக்கான நிலையான வேலைகளை உருவாக்குவது இவற்றின் நோக்கம் அன்று.

மக்கள்தொகை ஈவு

பிறப்பு வீதம் குறைந்த பின், குழந்தைகளும் முதியோரும் குறைவாகவும் உழைக்கும் வயதினர் மிகுதியாகவும் உள்ள ஒரு காலகட்டம் ஒவ்வொரு நாட்டிற்கும் வரும். அப்போது கிடைக்கக்கூடிய பொருளாதார ஆதாயம் மக்கள்தொகை ஈவு எனப்படுகிறது. தென்கொரியா, தாய்வான் போன்ற கிழக்காசிய நாடுகள் இக்காலகட்டத்தில் பரவலான பள்ளிக் கல்வியையும், ஏற்றுமதிக்கான ஆலைத் தொழில்களையும் வளர்த்து விரைவாக முன்னேறின.

இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கை 2018-19 இன்படி, 20 முதல் 59 வயது வரையானோரின் பங்கு 2041 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 59 விழுக்காட்டை எட்டி உச்சமடையும். 2023-24 ஆய்வறிக்கை, 2030 வரை வேளாண்மை அல்லாத துறைகளில் ஆண்டுக்குச் சராசரியாக 78.5 இலட்சம் வேலைகள் தேவை என மதிப்பிட்டது.

அண்மைக்காலப் போக்கு கலவையாக உள்ளது. வழக்கமான நிலைப்படி வேலையின்மை வீதம் 2017-18 இல் 6.1 விழுக்காட்டில் இருந்து 2023-24 இல் 3.2 ஆகக் குறைந்தது. ஆனால் இதே காலத்தில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2 இலிருந்து 58.4 விழுக்காடாகவும், 2018-19 இல் 42.5 விழுக்காடாக இருந்த வேளாண்மையின் பங்கு 46.1 ஆகவும் உயர்ந்தன. பொதுவாக ஒரு நாடு வளரும்போது உழைப்பாளர் வேளாண்மையில் இருந்து வெளியேறுவர். இங்கு திரும்பிச் சென்றது, பிற துறைகள் அவர்களைத் தாங்கவில்லை என்பதற்கான அறிகுறியாகக் கருதப்படுகின்றது.

இவ்வாய்ப்பு ஒரு முறை மட்டுமே வருவது. உழைக்கும் வயதில் போதிய வருமானம் பெறாத தலைமுறை, சேமிப்பும் ஓய்வூதியமும் இன்றி முதுமை அடையும். அவர்களைத் தாங்க வேண்டிய அடுத்த தலைமுறை எண்ணிக்கையில் சிறியதாக இருக்கும். கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் முதியோர் பங்கு ஏற்கெனவே நாட்டின் சராசரியை விட மிகுதி. ஆகவே இந்தியாவைப் பொறுத்தவரை, பிறப்புகளைக் குறைப்பது எப்படி என்ற பழைய கேள்வி பெரும்பாலும் விடை பெற்றுவிட்டது எனலாம். ஏற்கெனவே பிறந்து வளர்ந்துவிட்டவர்களுக்கு உரிய வேலையை உரிய காலத்தில் அளிப்பது எப்படி என்ற கேள்வியே எஞ்சியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு
* மறைமுக வேலையின்மை
* மக்கள்தொகை நிலைமாற்றம்
* மொத்தக் கருவள வீதம்
* ஐந்தாண்டுத் திட்டங்கள்